எண்பது கிலோமீட்டர்

எங்கள் மாவட்டத்தில் கட்டுமானப் பொருள்கள் எத்தனை கிலோமீட்டர் பயணம் செய்து வருகின்றனவோ, அத்தனை கிலோமீட்டரைச் சாலையோரத்தில் குடியிருப்பவர்கள் எங்கும் போகாமலிருந்து ஈடுகட்ட வேண்டும். லாரி விட்ட புகைக்கு அப்போதுதான் கணக்கு நேராகும். யார் எவ்வளவு தூரம் போகக்கூடாது என்று மதிப்பிட்டுச் சொல்வது என் வேலை.

வேடசந்தூருக்கு வெளியே ஏழு மாடியில் ஒரு பசுமைக் கட்டடம் எழும்பியது. எதிரே இருந்த முப்பது வீடுகளும் என் பொறுப்பில் வந்தன. செங்கல் பக்கத்துச் சூளையிலிருந்து வந்ததால் முதலில் பெரிய பாதிப்பில்லை. பிள்ளைகள் விளையாடப் போவது மட்டும் நின்றது. கம்பி வந்து இறங்கிய பிறகு ஆண்கள் வேலைக்குப் போவதும் நின்றது.

அந்த வீடுகளில் ஒன்றில் செல்லக்கிளி தனியாக இருந்தார். நூற்பாலைத் தொழிலாளி. அரவக்குறிச்சியில் அவருடைய மகள் பொன்னரசிக்கு அது தலைப்பிரசவம். இந்தத் தெருவுக்குள் வந்தால் மகளும் மதிப்பீட்டுக்குள் வந்துவிடுவாள் என்பதால் அழைத்துவரவில்லை. தானே போவதாக இருந்தார். போக வர எண்பது கிலோமீட்டர். தன் பங்கில் மிஞ்சிய தூரத்திலிருந்து அதைச் சேர்ப்பதற்காக முதலில் ஆலைக்குப் போவதை விட்டார். பிறகு குழாயடிக்குப் போவதை விட்டார். கடைசி மாதம் கட்டிலை அடுப்புக்குப் பக்கத்திலேயே போட்டுக்கொண்டார்.

பிரசவத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது குஜராத்திலிருந்து டைல்ஸ் வந்தது. நான் படிவத்தோடு போனேன்.

“எவ்வளவு சார்?”

“எழுபத்தெட்டும்மா. ரெண்டு மிச்சம் இருக்கு.”

அவர் எதிரே நின்ற லாரியைப் பார்த்தார். “எம்பொண்ணு வீட்டு வாசலைத் தாண்டித்தான சார் அது வந்திருக்கும்?”

“ஆமாம்மா. அது லாரியோட தூரம்.”

கையெழுத்துப் போட்டார். ஒரு டப்பாவில் பிரசவ லேகியமும், துவைத்துத் துவைத்து மெத்தென்றாகிவிட்ட சேலை ஒன்றும் கொண்டுவந்தார்.

“உங்களுக்குத் தூரம் உண்டுல்ல சார்?”

“உண்டும்மா. அரசாங்கத் தூரம்.”

“அப்ப நீங்க போய்க் குடுத்துருங்க. அம்மா ஏன் வரலன்னு கேப்பா. கால்ல முள்ளுன்னு சொல்லிருங்க.”

நான்காம் நாள் பேருந்தில் எனக்கு ஜன்னலோர இருக்கை கிடைத்தது. காற்று நன்றாக வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனபோது பொன்னரசிக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. காலில் முள் என்று சொன்னேன்.

“எத்தனை மிச்சம் வச்சிருக்கு அம்மா?” என்று கேட்டாள்.

“ரெண்டு.”

அவள் சேலையை முகத்தில் வைத்துக்கொண்டாள்.

அப்போது அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். டைல்ஸின் நிறம் பிடிக்கவில்லையாம். மொத்த லோடும் திரும்பிப் போகிறதாம். அவ்வளவு தூரம் என் தெருவில் யாரிடமும் இல்லை. அரவக்குறிச்சியும் அதே சாலைதான். குழந்தையைப் பார்த்தேன். இன்னும் எங்குமே போயிராத குழந்தை. ஆயுள் முழுவதற்கான தூரமும் அப்படியே இருந்தது.

படிவத்தை எடுத்தேன். கையெழுத்துப் போடத் தெரியாதவர்களுக்காக மையும் வைத்திருந்தேன்.

“இவ நடக்க வேணாமா சார்?”

“வீட்டுக்குள்ள நடக்கலாம்மா.”

அவள் குழந்தையின் காலை நீட்டிப் பிடித்தாள். உள்ளங்காலில் மை தடவிப் படிவத்தில் அழுத்தினேன். பாதம் தெளிவாக விழுந்தது.