தீக்காக்கைக்குக் கொடுத்த அரை மணி

‘உடம்புக்கு ஏதாவது கோளாறு உண்டா?’ என்ற கேள்விக்கு எதிரே ரயில்காரர் ‘இல்லை’ என்று எழுதி, கீழே ஒரு கோடும் போட்டிருந்தார். வழிகாட்டி அந்தக் கோட்டைப் பார்த்தாள். பத்து வருடமாகப் பறவை பார்க்க வருகிறவர்களிடம் அந்தப் படிவத்தை வாங்கி வைக்கிறாள். ‘இல்லை’க்கு யாரும் அடிக்கோடு போட்டதில்லை. ஏதோ கேட்கலாம் என்று வாய் வரை வந்தது. அதற்குள் அவர் சுவரில் மாட்டியிருந்த பறவைப் படத்தின் முன்னால் போய் நின்றுவிட்டார்.

“முப்பத்தாறு வருஷம் ரயில் இன்ஜின் ஓட்டினேன்மா. அவ்வளவு நாளும் பறவை பாத்திருக்கேன். எல்லாமே ரெண்டு செகண்டு. கம்பில உக்காந்திருக்கும், என்னன்னு பாக்கறதுக்குள்ள பின்னால போயிடும். ஒரு தடவகூட நின்னு பாத்ததில்ல.”

அவர் மனைவி ஈரக் காலுறை வாடை அடிக்கும் முகாமின் முன்னறையில், பூட்ஸ் அலமாரியை ஒட்டிய பெஞ்சில், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். வழிகாட்டி அவரைப் பார்த்துச் சிரித்தாள். அந்த அம்மாள் பதிலுக்குச் சிரித்துவிட்டு உடனே கணவனைப் பார்த்தார்.

முதல் இரண்டு நாள் கீழ்க்காட்டில் நன்றாகவே போயிற்று. மரங்கள் மேலே கை கோத்து வெயிலை மறைத்திருந்த மழைக்காடு அது. ரயில்காரர் சின்ன நோட்டில் ஒவ்வொரு பறவைக்கும் மணியும் நிமிடமும் குறித்துக்கொண்டார். அட்டை கடித்தால் நிதானமாகப் பிடுங்கி எறிந்தார். ஜீப் ஓட்டியது வழிகாட்டியின் கொழுந்தன். அவனுக்கு ஹாரன் என்று பெயர் வைத்தது அவள்தான். காதோடு ரகசியம் சொன்னால்கூடப் பக்கத்து மரத்துப் பறவை பறந்துவிடும், தொண்டை அப்படி. அதனால் எப்போதும் ஜீப்போடு நின்றுகொள்வான்.

“அண்ணி, நான் பொறந்ததே பறவைங்களுக்குப் பிடிக்கல போல,” என்பான்.

“எங்களுக்கு மட்டும் பிடிச்சிருக்காடா?” என்பாள் அவள்.

மூன்றாம் நாள் மேட்டுக்காடு. விடியும்போது ஜீப் ஓடைக்கரையில் நின்றது. தண்ணீர் கணுக்காலுக்கு மேல் இல்லை. கல் கல்லாகத் தாண்டி அக்கரை போய், இரண்டு மணி நேரம் ஏறினால் மலை விளிம்பு. அங்கே குட்டை மரங்களின் நடுவே தீக்காக்கை என்கிற அபூர்வப் பறவை ஒன்று கூடு வைத்திருந்தது. பதினொரு மணிக்குள் ஜீப்புக்குத் திரும்பிவிடலாம் என்பது கணக்கு. சாப்பாடு, டீப் பெட்டி, கயிறு எல்லாம் ஜீப்பிலேயே இருக்கட்டும் என்று அவளே சொன்னாள். ஏற்றத்தில் சுமை எதற்கு?

மேலே போனதும் பனி இறங்கியது. கூட்டு மரம் தெரிகிறது, பறவையைக் காணோம். ஒன்பதரை ஆயிற்று. பத்தாயிற்று. அந்த அம்மாள் பையிலிருந்து பிஸ்கட்டை எடுத்து இரண்டு தடவை கணவனிடம் நீட்டினார். முதல் தடவை இரண்டைத் தின்றார். இரண்டாம் தடவை தொலைநோக்கிக் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமலே, “நீ சாப்பிடு” என்றார். அந்த அம்மாள் மீதி இரண்டையும் அவர் வாயில் திணிக்காத குறையாகக் கொடுத்து, காலி உறையை மடித்து வைத்துக்கொண்டார்.

வழிகாட்டி மேற்கே பார்த்தாள். பெரிய மலையின் தலை கறுத்திருந்தது. இங்கே ஒரு தூறல்கூட இல்லை. ஆனால் ஓடை அங்கேயிருந்துதான் வருகிறது.

“சார், கிளம்பிடலாம்.”

“அரை மணிம்மா. ஒரே ஒரு அரை மணி. இனிமே எனக்கு இந்த மலை ஏது?”

கிளம்பியிருக்க வேண்டும். அது அவளுக்குத் தெரியும். ஆனால் அந்த மாதம் வந்தவர்களில் ஒருவர்கூட அந்தப் பறவையைப் பார்க்காமல் திரும்பியதில்லை. அந்தப் பெருமையும் சேர்ந்துகொண்டது. “சரி, அரை மணி” என்றாள்.

இருபத்தைந்தாவது நிமிடத்தில் அது வந்தது. கூட்டு மரத்துக்குப் பக்கத்துக் கிளையில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, மெல்லத் திரும்பியது. வயிறு தணல் மாதிரி சிவப்பு. அசையவேயில்லை. நாலு நிமிடம் அப்படியே இருந்தது. ரயில்காரர் கண்ணாடியை இறக்கிவிட்டு வெறும் கண்ணால் பார்த்தார். தாடை நடுங்கியது. சந்தோஷம் என்று வழிகாட்டி நினைத்தாள்.

இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. பாதி வழியில் அந்தச் சத்தம் கேட்டது. யாரோ மலைக்கு அடியில் பெரிய எந்திரத்தை ஓட்டுவதுபோல் ஒரு முழக்கம். அவள் நடையை எட்டிப் போட்டாள். கரைக்கு வந்தபோது காலையில் தாண்டிய கற்களில் ஒன்றுகூடத் தெரியவில்லை. செந்நிறத் தண்ணீர் மரக்கிளைகளை இழுத்துக்கொண்டு புரண்டு போயிற்று. அக்கரையில், நாற்பதடி தள்ளி, ஹாரன் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு நின்றான்.

“வடியற வரைக்கும் இருக்கணும்,” என்றாள் வழிகாட்டி. “மேல மழை விட்டா ரெண்டு மூணு மணி நேரத்துல எறங்கிடும். இந்தப் பாறைக்கு மேல தண்ணி வராது. பயப்படாதீங்க.”

“யாரு பயப்படறா?” ரயில்காரர் சீறினார். “முழங்கால் தண்ணி. இதுக்குப் போய் உக்காரணுமாம். நீ பெரிய வழிகாட்டி!”

மூன்று நாளாக ‘அம்மா’ போட்டுப் பேசிய மனிதர். அவளுக்குச் சுருக்கென்றது. அவருக்கும் தண்ணீருக்கும் நடுவில் நகர்ந்து நின்றாள்.

“விடு வழிய. நேரமாச்சு. எத்தன வண்டி பின்னால நிக்குது தெரியுமா?”

“எந்த வண்டி சார்?”

“சிக்னல் விழுந்துடுச்சு. எடுக்கணும்.”

நாக்கு குழறியது. மழையில் நனைந்த முகத்திலும் வியர்வை தனியாகத் தெரிந்தது, எண்ணெய் பூசியதுபோல். அவள் கையைப் பிடித்தாள். சில்லென்று இருந்தது, விரல்கள் உதறின. அவர் ஓங்கித் தள்ளிவிட்டுத் தண்ணீரை நோக்கி இரண்டு எட்டு வைத்தார். அவள் பின்னாலிருந்து இடுப்போடு கட்டிப் பிடித்தாள். இரண்டு பேரும் சேற்றில் விழுந்தார்கள்.

“அவர் இல்லம்மா இது!” அந்த அம்மாள் கத்தினார். “சுகரு! சுகர் எறங்கிடுச்சு! விடியக்காலைல இன்சுலின் போட்டாரு. ரெண்டு ரொட்டித் துண்டும் நாலு பிஸ்கட்டும்தான் சாப்பிட்டிருக்காரு.”

வழிகாட்டிக்கு ஒரு கணம் ஒன்றும் ஓடவில்லை. “சுகர் இருக்குன்னு ஏன் சொல்லல?”

“சொல்லாதேன்னு சத்தியம் வாங்கிட்டாரு. சுகருன்னு தெரிஞ்சதும்தான் கடைசி ரெண்டு வருஷம் இன்ஜின்லேருந்து எறக்கி ஆபீஸ்ல உக்கார வெச்சாங்க. தெரிஞ்சா நீங்களும் மலைக்குக் கூட்டிட்டுப் போக மாட்டீங்கன்னாரு.”

அவள் முதுகுப்பையைக் கவிழ்த்தாள். முதலுதவிப் பெட்டியில் பஞ்சு, கட்டுத்துணி, கத்தி, உப்பு. குளுக்கோஸ் பொட்டலம் இரண்டு எப்போதும் இருக்கும். போன வாரம் மயங்கிய ஒரு கல்லூரிப் பெண்ணுக்குக் கரைத்துக் கொடுத்தது அவள்தான். திரும்ப வாங்கி வைக்க வேண்டும் என்று மூன்று நாளாக நினைத்துக்கொண்டேயிருந்தாள், வாங்கவில்லை. பிளாஸ்கில் கறுப்புக் காப்பி, சர்க்கரை போடாதது. அந்த அம்மாளின் கைப்பையில் காலி பிஸ்கட் உறை. அதை உதறி, ஒட்டியிருந்த துகளை அவர் உதட்டில் தடவினார் அந்த அம்மாள். அது எந்த மூலைக்கு?

ரயில்காரர் இப்போது திமிறவில்லை. அது இன்னும் மோசம் என்று அவளுக்குத் தெரிந்தது. கண் சொருகிக்கொண்டு போயிற்று.

“அவர ஒருக்களிச்சுப் படுக்க வெச்சுப் பிடிச்சுக்குங்க. பேசிட்டே இருங்க. தூங்க விடாதீங்க.”

கரைக்கு ஓடி, “சக்கரை!” என்று கத்தினாள். தன் குரல் தனக்கே கேட்கவில்லை.

“என்ன அண்ணி?” ஹாரனின் குரல் அந்த முழக்கத்தையும் தாண்டி வந்தது. “கேக்கல!”

அவர்களுக்குள் சைகைகள் உண்டு. மேலே பார், அசையாதே, இரண்டு பறவை, பாம்பு. சர்க்கரைக்குச் சைகை கிடையாது. அவள் விரலை வாயில் வைத்துக் காட்டினாள். அவன் ஓடிப் போய்ச் சாப்பாட்டுக் கேரியரைத் தூக்கிக் காட்டினான். இல்லை என்று தலையை ஆட்டினாள். நாக்கை நீட்டி நக்கிக் காட்டினாள். அவன் முழித்தான். வேறு நேரமாயிருந்தால் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். அவள் இடது கையை டம்ளர் மாதிரி பிடித்து, வலது கையால் உள்ளே எதையோ அள்ளிப் போட்டுக் கலக்கினாள். மறுபடி அள்ளிப் போட்டாள். பின்னால் படுத்திருந்தவரைச் சுட்டிக் காட்டினாள்.

“சக்கரையா? பெரியவருக்கா? ஐயோ!”

அவன் டீப் பெட்டியைக் கவிழ்த்தான். சர்க்கரைப் பையில் ஒரு கல்லைப் போட்டு முடிந்து, பத்தடி பின்னால் போய் ஓடி வந்து எறிந்தான். பாதி தூரத்தில் பை கிழிந்தது. வெள்ளையாக ஒரு புகை காற்றில் விரிந்து தண்ணீரில் விழுந்தது. கல் மட்டும் இக்கரையில் வந்து தெறித்தது.

பின்னாலிருந்து அந்த அம்மாளின் குரல் கேட்டது. “என்னங்க, இங்க பாருங்க. என் பேரு என்ன? சொல்லுங்க, என் பேரு என்ன?” பதில் இல்லை.

ஹாரன் பெட்டியின் அடியைத் துழாவி ஒரு டின்னை எடுத்துக் காட்டினான். டீக்குப் போடுகிற கெட்டிப் பால், இனிப்புப் பால். சீல் உடைக்காதது. ஒன்றுதான் இருக்கிறது என்று ஒரு விரலைக் காட்டினான்.

“அண்ணி, தவறிட்டா?”

அவள் என்ன சொன்னாலும் அவனுக்குக் கேட்காது. பாறைகளுக்கு இடையில் சேறு மட்டும் இருந்த இடமாகப் பார்த்து நின்று, இரண்டு கையையும் விரித்தாள்.

அவன் சட்டையைக் கழற்றிக் கையைத் துடைத்தான். டின்னைத் துடைத்தான். ஒரு தடவை ஓங்கி, எறியாமல் நிறுத்தினான். இரண்டாம் தடவை எறிந்தான். டின் உயரமாகப் போயிற்று. தேவைக்கு மேல் உயரம். மழையில் அது எங்கே இருக்கிறது என்று அவளுக்கு ஒரு கணம் தெரியவில்லை. இடப்பக்கம் ஐந்தடி தள்ளி, சரிவில் தொப்பென்று விழுந்து, உருளத் தொடங்கியது. அவள் அதன் மேல் அப்படியே பாய்ந்து விழுந்தாள். முகம் தண்ணீருக்குள் போயிற்று. முழங்கை கல்லில் மோதிக் கண்ணில் பூச்சி பறந்தது. டின் வயிற்றுக்கு அடியில் இருந்தது.

கத்தியால் இரண்டு இடத்தில் குத்தினாள். தலையை மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டு, விரலில் பாலைத் தொட்டுத் தொட்டு, அந்த அம்மாள் கணவனின் கன்னத்தின் உட்புறத்தில் தடவினார். கைக்குழந்தைக்கு மருந்து தடவுகிறதுபோல, அவசரப்படாமல். “ஊத்தாதீங்கம்மா, பொரை ஏறிடும். கொஞ்சம் கொஞ்சமா,” என்றாள் வழிகாட்டி. அவர் தொண்டை அசைந்தது. மறுபடி அசைந்தது. அக்கரையிலிருந்து, “முழுங்கறாரா? அண்ணி, முழுங்கறாரா?” என்று ஹாரன் கேட்டுக்கொண்டேயிருந்தான்.

கால் மணி நேரம் கழித்து ரயில்காரர் கண்ணைத் திறந்து, தன் சட்டையில் இருந்த சேற்றைப் பார்த்தார்.

“வண்டி நின்னுடுச்சா?” என்றார். பிறகு மனைவியின் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் புரிந்துவிட்டது. மெல்ல எழுந்து உட்கார்ந்து, டின்னை வாங்கி அவரே குடித்தார்.

மழை விட்டது. தண்ணீர் அரை அடி இறங்கியது. பாறையில் ஈரக்கோடு தெரிந்தது.

“மன்னிச்சுக்கம்மா,” என்றார் ரயில்காரர். “உன்ன வேற ஏதோ சொன்னேன் போல. பொய் எழுதிக் குடுத்தது நான்.”

“மேல மேகத்த நான் பாத்தேன் சார். அப்பவே கிளப்பியிருக்கணும். குளுக்கோசும் வாங்கி வெக்கல. தப்பு என் பேர்லயும் இருக்கு.”

அந்த அம்மாள் ஈரப் புடவை முந்தானையைப் பிழிந்துகொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்:

“நீங்க ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் மன்னிச்சுட்டீங்க. நல்லது. ராத்திரி பூரா தூங்காம, பையில நாலு பிஸ்கட்ட வெச்சுக்கிட்டு இவர் பின்னாலயே அலைஞ்சேனே. என்கிட்ட யார் கேக்கப் போறீங்க?”

ரயில்காரர் மனைவியின் கையை எடுக்கப் போனார். அந்த அம்மாள் தரவில்லை. கொஞ்ச நேரம் தரவேயில்லை.

மூன்று மணிக்குத் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியது. ஹாரன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு வந்து, மறுமுனையை இக்கரை மரத்தில் கட்டினான். முதலில் அந்த அம்மாள், பிறகு அவர், கடைசியில் வழிகாட்டி. கடைசிக் கல்லில் கால் வழுக்கியபோது ஹாரன் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். கரையேறியதும் அவன் டயரைப் பார்க்கிறவன்போல ஜீப்புக்குப் பின்னால் போய்க் குந்திக்கொண்டான். முதுகு குலுங்கியது. அவ்வளவு பெரிய தொண்டையிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவன் தோளில் கையை வைத்தாள்.

நகரத்து ஆஸ்பத்திரியில் ஒரு இரவு வைத்துப் பார்த்து அனுப்பினார்கள். டாக்டர் கேட்டபோது ரயில்காரர் ஊசி போட்ட நேரம், அளவு, சாப்பிட்டது எல்லாவற்றையும் மணி நிமிடத்தோடு ஒளிக்காமல் சொன்னாராம். மீதி இரண்டு நாள் பயணத்தை ரத்து செய்துவிட்டு ஊருக்குக் கிளம்பினார்கள். பஸ் ஏறும்போது அந்த அம்மாள் முன்னால் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, சாப்பாட்டுப் பையைக் கணவன் மடியில் வைத்தார்.

“நீங்களே வெச்சுக்குங்க. பசிச்சா நீங்களே எடுத்துச் சாப்பிடுங்க,” என்றார்.