ஒத்தை ஆளுக்கு ரெண்டு டிக்கெட்

முப்பத்தோரு வருடம் கண்டக்டராக இருந்தவன் நான். ஒரு ஆளுக்கு ஒரு டிக்கெட். அவ்வளவுதான் சட்டம். பக்கத்து சீட் காலியாக இருக்கிறது, அதற்கும் சேர்த்துக் காசு கொடு என்று எவனிடமாவது கேட்டிருந்தால் பஸ் ஸ்டாண்டிலேயே என் தோலை உரித்துத் தொங்கவிட்டிருப்பார்கள்.

இதைத்தான் சரண்யாவிடம் கத்திச் சொன்னேன். விராலிமலையில் டிராவல்ஸ் கடை வைத்திருப்பவள். இரண்டு பிள்ளைக்காரி, பொறுமைசாலி.

"கப்பல்ல அப்படித்தாங்க சார். ரூமுக்கு ரெண்டு பேருன்னு வச்சுத்தான் வெலை போடுறாங்க. ஒத்தை ஆளாப் போனாலும் ரெண்டு பேரு காசு கட்டணும்."

"நான் என்ன ரெண்டு வயித்துக்கா திங்கப்போறேன்?"

"தெரியாத ஆளோட சேத்துவிடவும் மாட்டாங்க. நீங்களே ஒரு ஆளைக் கூட்டிட்டு வந்தீங்கன்னா ஒங்களுக்கு இருபத்தெட்டு, அவருக்கு இருபத்தெட்டு. இல்லைன்னா நீங்களே அம்பத்தாறு. சனிக்கிழமை வரைக்கும்தான் இந்த வெலை."

மூன்று வாரமாக அவள் உயிரை வாங்கி விலையை அந்த இருபத்தெட்டாயிரத்துக்குக் கொண்டுவந்திருந்தேன். பள்ளிக்கூட லீவு இல்லாத மாதம். நடுவாரம். ஜன்னல் இல்லாத உள்ளறை. ஜன்னல் எதற்கு? கடலைப் பார்க்க மேலே போனால் ஆயிற்று, தூங்குவதற்கு ஜன்னல் வேண்டுமா? சென்னையில் ஏறி மூன்று ராத்திரி கடலில் சுற்றிவிட்டு அங்கேயே இறங்குகிற கப்பல். எல்லாம் கூடி வந்து, கடைசியில் நான் ஒத்தை ஆள் என்பதில் வந்து முட்டிக்கொண்டது.

கப்பல் ஆசை என் மனைவி சோபியாவுடையது. டிவியில் பார்த்துவிட்டு, "ஒருக்கா போயிட்டு வருவோங்க" என்பாள். "ரெண்டு டிக்கெட்டுக்கு எம்புட்டு ஆகும் தெரியுமா? ரிட்டயர் ஆகட்டும்" என்பேன். ரிட்டயர் ஆனதும், "பொண்ணு கல்யாணம் முடியட்டும்" என்றேன். மகள் நான்சி கல்யாணம் முடிந்து கனடா போனாள். சோபியா மூன்று வருடத்துக்கு முன்னால் கல்லறைக்குப் போனாள். இரண்டு பேராக இருந்தபோது கணக்குப் பார்த்தவனுக்கு இப்போது ஒத்தையாகவே இரண்டு டிக்கெட். நல்லா வேணும்டா ஆரோக்கியமுத்து உனக்கு.

ஆனாலும் பிறவிக் குணம் போகுமா? இருபத்தெட்டாயிரத்தைத் தண்டமாக அழ மனது வரவில்லை. ஆள் தேடினேன். மச்சான் ஜோசப்புக்கு முட்டி வலி. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஆவூர் கோயில் வாசலில் லியோ வாத்தியாரைப் பிடித்தேன். "வீட்டுக்காரியை விட்டுட்டு நான் மட்டும் கப்பல்ல போனா ஊரு சிரிக்கும்" என்று சைக்கிளை எடுத்துவிட்டார். மூன்று ராத்திரி ஒரே அறையில் என்னோடு படுக்க இந்த ஜில்லாவில் ஒரு ஆள் இல்லை.

ஒரே ஒருவன் இருந்தான். கொடும்பாளூர் இருளாண்டி. பதினெட்டு வருடம் என் பஸ்ஸை ஓட்டிய டிரைவர். நான் விசிலை வாயில் வைக்கும்போதே வண்டியை எடுப்பவன். ஒரே தூக்குச்சட்டியில் தின்றிருக்கிறோம். ஆனால் அவனோடு பேசி ஏழு வருடம் ஆகிறது.

எங்கள் டிப்போவில் ஒரு வழக்கம் உண்டு. ரிட்டயர் ஆகிறவனை மாலை மரியாதையோடு வீடு வரை கொண்டுபோய் விடவேண்டும். கண்டக்டர் என்றால், அவனோடு ஓடிய டிரைவர்தான் காரை ஓட்ட வேண்டும். என் முறை வந்தபோது இருளாண்டி வரவில்லை. கழுத்தில் மாலையோடு இரண்டு மணி நேரம் டிப்போ வாசலில் நின்றேன். 'வேறு ஆள் ஓட்டட்டுமே' என்றவர்களிடம் மாட்டேன் என்றேன். எல்லோரும் கலைந்த பிறகு மாலையைக் கழற்றிப் பையில் திணித்துக்கொண்டு பஸ் ஏறி வந்தேன். வீட்டு வாசலில் என்னை வரவேற்க சோபியா தெரு சனத்தையே கூட்டி வைத்திருந்தாள்.

அன்றோடு அவனை விட்டேன். போன் நம்பரை அழித்தேன். சோபியா சாவுக்கு மாலையோடு வந்தான், முகத்தைத் திருப்பிக்கொண்டேன். செத்தாலும் பேசுவதில்லை என்றிருந்தவன்தான், வெள்ளிக்கிழமை காலையில் கொடும்பாளூரில் போய் இறங்கினேன். வழி நெடுக ஒரு வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

அவன் வீட்டு வாசலில் ஒரு ஸ்கூல் வேன் நின்றது. உள்ளே பேரப்பிள்ளைகளின் கூச்சல்.

"அடடே, கண்டக்டரே! வாய்யா வா! இப்பத்தான் வழி தெரிஞ்சுச்சா?" என்று என் கையைப் பிடித்து இழுத்து நாற்காலியில் உட்காரவைத்தான். அவன் மனைவி மூக்காயி காப்பி கொண்டுவந்தாள்.

சொல்லிப் பார்த்ததைச் சொன்னேன். "டிரைவரே, பழசை நான் மறந்துட்டேன். நீயும் மனசுல வச்சுக்காத."

"என்னத்த?"

"நான் ரிட்டயர் ஆன அன்னிக்கு நீ வண்டி எடுக்க வரலையே, அதை."

கூரையைப் பார்த்து யோசித்தான். நிஜமாகவே யோசித்தான். "வரலையா நானு? ஏய் மூக்காயி, அன்னிக்கு எங்கிட்டுப் போனேன்?"

"ஆருக்குத் தெரியும்? டபுள் டூட்டி எதும் பாத்திருப்பீக."

"அப்படித்தான் இருக்கும்" என்றான். பிறகு என்னை உற்றுப் பார்த்தான். "இதுக்கா இம்புட்டு நாளா வரலை? நீ மகளோட கனடாவுக்குப் போயிட்டன்னுல்ல நெனச்சேன்!"

"சோபியா சாவுல நான் ஒன்னய ஏறெடுத்துப் பாக்கலையே, அப்பக்கூடவா தெரியலை?"

"நீ அழுதுக்கிட்டுல்ல இருந்த?"

கள்ளம் இல்லாமல் சிரித்தான். நானும் சிரித்து வைத்தேன். ஏழு வருடமாகத் தினமும் படுக்கும்போது மனதுக்குள் இவனோடுதான் சண்டை போட்டேன். அவன் வந்து மன்னிப்புக் கேட்பான், இப்படிக் கேட்பான், நான் இப்படிச் சொல்வேன் என்று வசனமெல்லாம் வைத்திருந்தேன். சோபியா போன பிறகு வீட்டில் எனக்கு வேறு பேச்சுத்துணை இல்லை. அங்கிட்டு ஆளே இல்லாமல் நான் மட்டும் பேசியிருக்கிறேன்.

கப்பல் விஷயத்தைச் சொன்னேன்.

"கப்பலா! எனக்கு ஏதுய்யா நேரம்? காலையில வேன், சாயங்காலம் வேன், ரெண்டு மாடு, பேத்திக்குப் பரீட்சை வேற. அப்படியே போனாலும் இவளையில்ல கூட்டிட்டுப் போகணும்? விட்டுட்டுப் போனா சோறு போடுவாளா?" மூக்காயி அவன் தோளில் இடித்துவிட்டுப் போனாள். "நீ போயிட்டு வாய்யா. ஒத்தைக்கட்டை, ஒனக்கென்ன கொறை!"

சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்றார்கள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று பொய் சொல்லிவிட்டு எழுந்தேன். இத்தனை நாள் கோபமாவது எனக்குத் துணையாக இருந்தது. அதையும் அந்த வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தாயிற்று.

நேராகச் சரண்யா கடைக்குப் போனேன். "அம்பத்தாறுக்கே போடும்மா."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "ஆளு கிடைக்கலீங்களா சார்?"

"கிடைக்கலை."

பேரம் பேசாமல் நான் ஏ.டி.எம். கார்டை நீட்டியது அவளுக்கே சங்கடமாக இருந்திருக்கும். கடைப் பையனிடம் எனக்கு மோர் வாங்கிவரச் சொல்லிவிட்டுத் தட்டச்சு செய்ய ஆரம்பித்தாள். பெயர், வயது, ஆதார் நம்பர் எல்லாம் ஆயிற்று.

"அவசரம்னா கூப்பிட ஒரு ஆளு வேணுங்க சார். பேரும் நம்பரும்."

"மக நம்பரைப் போடு."

"கனடா நம்பரை எடுக்க மாட்டேங்குது. இந்தியா நம்பர்தான் கேக்குது. இங்க இருக்கறவங்க யாராச்சும் சொல்லுங்க."

போனை எடுத்துத் தள்ளிக்கொண்டே போனேன். கேஸ் ஏஜென்சி, பென்ஷன் ஆபீஸ், கோயில் ஆபீஸ், கரண்ட்காரர். ஜோசப் நம்பர் இருந்தது. மச்சான் ராத்திரியில் போனை அணைத்துவிட்டுப் படுப்பவர். சரண்யா விரல்களை எழுத்துப்பலகை மேல் வைத்தபடி காத்திருந்தாள்.

போனைச் சட்டைப்பைக்குள் போட்டேன். பத்து எண்ணையும் ஒன்றுகூடத் தடுமாறாமல் மனப்பாடமாகச் சொன்னேன். பெயர் இருளாண்டி என்றேன்.

"ஒங்களுக்கு என்ன வேணும் சார் அவரு? அண்ணன், தம்பி, சிநேகிதர்னு ஒரு வரிசை குடுத்திருக்கான். எதைப் போட?"

பதினெட்டு வருடத்துக்கு அந்த வரிசையில் என்ன பெயர் இருக்கும் என்று யோசித்தேன்.

"தெரிஞ்சவருன்னு இருந்தா போடும்மா" என்றேன்.