ஞானத்தகப்பன் வாங்கிய சைக்கிள்

"ஏட்டி செசிலி, ஒரு சைக்கிளுக்கு எவ்வளவு செலவழிக்கலாம்?" என்று என் வீட்டுக்காரர் கேட்டபோது எனக்கு மனசு குளிர்ந்து போய்விட்டது. ஒரு வருடமாக அந்த மனுஷனிடம் நான் கேட்டுக்கொண்டிருந்தது ஒரு சைக்கிள்தான்.

எனக்கு முந்திரிப்பருப்பு ஆலையில் வேலை. எங்கள் பக்கத்தில் அண்டியாபீஸ் என்போம். நாள் முழுக்கப் பலகையில் காலை மடக்கி உட்கார்ந்து பருப்பின் தோலை உரிக்க வேண்டும். எழுந்து நின்றால் கால் நம்முடையது மாதிரியே இருக்காது. அந்தக் காலோடு எங்கள் ஊர் கடியப்பட்டணம் வரை நடக்க வேண்டும். பெண்களுக்குப் பஸ் இலவசம்தான், யார் இல்லையென்றது? ஆனால் அந்த இலவசப் பஸ் அண்டியாபீஸ் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது நான் சைக்கிள் ஓட்டியவள். பழைய லேடீஸ் சைக்கிள் ஒன்று இருந்தால் போதும் என்று நானே பார்த்தும் வைத்திருந்தேன்.

"நாலாயிரம் இருந்தா தாராளம். பழசு போதும்" என்றேன்.

"நாலாயிரமா? ஞானத்தகப்பன் பழைய சைக்கிளு குடுத்தான்னு ஊரு சிரிக்கதுக்கா?"

அப்போதுதான் விஷயம் புரிந்தது. இவரோடு ஒரே போட்டில் மீன்பிடித் தொழிலுக்குப் போகும் யேசுரத்தினத்தின் மகள் ரெஜிஷாவுக்கு மே மாதம் புதுநன்மை. பிள்ளை கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கப்போகிறாள். ஞானஸ்நானத்தில் அவளைக் கையில் ஏந்திய ஞானத்தகப்பன் என் வீட்டுக்காரர் செல்வன். எங்கள் கரையில் புதுநன்மை என்றால் கல்யாணத்துக்குப் பாதி. ஞானத்தகப்பன் என்ன கொடுத்தான் என்று பந்தலில் வைத்து ஊரே பார்க்கும். போன வருடம் ஒருவன் கியர் சைக்கிள் கொடுத்துத் தொலைத்தான். அதிலிருந்து பிடித்தது வினை.

"பிள்ளைக்கு எடுக்கது எடுங்க. எனக்கு?" என்றேன்.

"உனக்கு இல்லேன்னா சொன்னேன்? இது கழியட்டும்."

எங்கள் கல்யாணம் முடிந்த நாள் முதலாக ஏதோ ஒன்று கழிந்துகொண்டேதான் இருக்கிறது.

கோட்டாறில் சைக்கிள் கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பிள்ளைக்கு முன்கூட்டியே காட்டக் கூடாதாம். அதனால் நான் ஏறிப் பார்க்க வேண்டும். வளரும் பிள்ளை, ரெண்டு அளவு பெரிசாகவே எடுப்போம் என்று சொல்லி ஒரு நீலக் கியர் சைக்கிளைக் காட்டினார். விலை பதினாலாயிரம். அதில் பாதி என் ஆபீஸ் போனஸ். அதைப் பற்றிப் பேசினால் சண்டைதான் வரும், சண்டை போட என்னிடம் தெம்பு இல்லை.

ஏறி உட்கார்ந்தேன். நான் குள்ளம். கால் இரண்டும் தரையில் ஒழுங்காகப் பதிந்தன. கைப்பிடி பிடிக்க எவ்வளவு சுகமாக இருந்தது! "அக்காவுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கே" என்றான் கடைக்காரன். நான் திரும்பிப் பார்த்தேன். வாசலில் இவர் முதுகைக் காட்டிக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தார். பேசி முடித்து வந்து, "எறங்கு, பிள்ளைக்கு இது போதும்" என்றார். இறங்கினேன்.

பஸ்ஸில் வரும்போது மனசு ஆறவில்லை. பிறகு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பாவம், அவர் பார்க்கவில்லை. நான் அதில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருந்தால் ஒரு வார்த்தை கேட்டிருப்பார்.

புதுநன்மை அமர்க்களமாக நடந்தது. பந்தலில் சைக்கிளுக்கு மாலை போட்டு நிறுத்தியிருந்தார்கள். ரெஜிஷா வெள்ளை கவுனோடு அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். "கொள்ளாம் மக்கா, கலக்கிட்டே" என்று ஆளாளுக்கு வந்து இவர் தோளில் தட்டினார்கள். இவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. எனக்கு எங்கேயாவது போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. குடையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன், குடை பறந்தபோது நனைந்துகொண்டு நடந்தேன். எனக்கு எப்பம் என்று கேட்டால் மீன்பிடித் தடைக்காலம் கழியட்டும் என்றார். அது கழிந்த பிறகு கேட்டேன், வலையில் சாளை மீன் விழட்டும் என்றார். சாளையும் விழுந்தது. போட்டு எஞ்சினுக்கு வேலை வந்தது. அதற்கப்புறம் நான் கேட்பதை விட்டுவிட்டேன். கேட்பதும் ஒரு வேலைதானே.

செப்டம்பரில் யேசுரத்தினத்தின் மனைவி லீமா ஆள் விட்டாள். ரெஜிஷாவுக்குப் பிறந்தநாள், சைக்கிள் கவரைப் பிரிக்கப்போகிறோம், ரெண்டு பேரும் வரணும் என்று.

கவரா? நாலு மாதமாகவா? எங்கள் ஊரில் உப்புக்காற்றுக்குப் பயந்து எதையும் மூடித்தான் வைப்போம். ஃபிரிட்ஜ் கைப்பிடிக்குக்கூடக் கவர் உண்டு. ஆனாலும் ஒரு பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்த சைக்கிளை நாலு மாதமா மூடி வைப்பார்கள்?

போய்ப் பார்த்தால், வீட்டுப் பின்பக்கம் பாலித்தீன் சுற்றி, அதன்மேல் பசைநாடா ஒட்டி, பொட்டலமாக நின்றது.

"புதுநன்மை முடிஞ்ச அன்னைக்கே நல்லா தண்ணி விட்டுக் கழுவி, காத்து கேறாம மூடி வச்சேன் அக்கா. ஒரு தூசி பட விடல்ல" என்றாள் லீமா. அவ்வளவு பெருமை.

அவர்கள் வீட்டுப் போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. அந்தத் தண்ணீரில் கழுவி, ஈரத்தோடு கட்டியிருக்கிறாள். கடல்காற்று நாலு வருடத்தில் செய்வதை அவளே உள்ளே அடைத்து நாலு மாதத்தில் செய்துவிட்டாள்.

பிரித்தார்கள். செயின் முழுக்கச் செங்கல் நிறம். கைப்பிடியைத் தொட்டால் கையில் துரு வந்தது. பிரேக் கவ்விக்கொண்டு பின்சக்கரம் அசையவில்லை. ரெஜிஷா உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நின்றாள்.

லீமா செயினைத் தொட்டு விரலைப் பார்த்தாள். பிறகு, "அண்ணே, தப்பா நெனைக்கப்படாது. இது எங்க எடுத்தது? வெல கொறஞ்ச சாதனமா இருக்குமோ?" என்றாள்.

பதினாலாயிரம்! இவர் முகம் செத்துப்போனது. யேசுரத்தினம், "லீமா, சும்மா இரி" என்றான். அதற்குள் இவர் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டார்.

"செரி, விடு. நான் பிள்ளைக்கு வேற ஒண்ணு எடுத்துத் தாரேன்."

அவ்வளவுதான். காலில் இருந்த வலி முழுக்க வாய்க்கு வந்துவிட்டது.

"ஒண்ணும் எடுக்க வேண்டாம்" என்றேன். "லீமா, இந்தச் சைக்கிளு உனக்கு வேணுமா வேண்டாமா?"

"இனி இதை யாரு ஓட்டுவா அக்கா? நீங்களே கொண்டு போயிருங்க" என்றாள் அவளும் வெடுக்கென்று.

"செரி. கொண்டு போறேன்."

விளையாட்டு என்று நினைத்து யேசுரத்தினம் சிரித்தான். நான் கைப்பிடியைப் பிடித்ததும் சிரிப்பு நின்றது.

"ஏட்டி, நீ என்ன செய்யுத? ஞானத்தகப்பன் குடுத்ததைத் திருப்பி எடுக்கப்படாது. ஊரு என்ன சொல்லும்?" என்றார் இவர்.

"ஊரா அண்டியாபீசுக்கு நடக்குது? நான்லா நடக்கேன்."

ரெஜிஷாவைப் பார்த்தபோதுதான் எனக்குக் கஷ்டமாகிவிட்டது. எப்படியானாலும் அவள் சைக்கிள்.

"மாமி, நன்னாக்கிட்டா நாயித்துக்கெழம நான் வந்து ஓட்டலாமா?" என்று கேட்டாள். "மம்மி இதைத் தொடவே விடல்ல."

"இனி இதுக்குக் கவரு கெடையாது மக்களே. எப்பம் வேணுன்னாலும் வந்து ஓட்டு" என்றேன்.

தெருவில் இறங்கினேன். முன்சக்கரம் உருண்டது, பின்சக்கரம் மணலில் கோடு போட்டுக்கொண்டு வந்தது. வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் தலை தூக்கிப் பார்த்தார்கள். யாரோ "என்னக்கா, புதுநன்மைச் சைக்கிளா?" என்று கேட்டார்கள். மூச்சு வாங்கத் தலையை மட்டும் ஆட்டினேன். இவர் எனக்குச் சம்பந்தமில்லாதவர் மாதிரிப் பின்னால் தள்ளி வந்துகொண்டிருந்தார். வழியில் சிலுவை நிற்கும் குருசடி வரை இழுத்தேன். அதற்குமேல் முடியவில்லை. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

சட்டென்று கனம் குறைந்தது. திரும்பிப் பார்த்தேன். இவர் சீட்டைப் பிடித்துப் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றார். இரண்டு பேருமாகக் கொஞ்ச தூரம் கொண்டு போனோம்.

"கோட்டாறுல வச்சுப் பாத்தேன்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

"என்னத்தைப் பாத்தீங்க?"

"நீ இதுல ஏறி இருந்தப்பம். கடை வாசல் கண்ணாடியில தெரிஞ்சுது. காலு ரெண்டும் தரையில தொட்டுது. நீ சிரிச்ச."

மே மாதத்திலிருந்து, அத்தனை மழையிலும், அவர் பார்க்கவில்லை என்று சொல்லிச் சொல்லித்தான் நடந்தேன். பார்த்திருக்கிறார். நான் சிரித்ததைக்கூடப் பார்த்துவிட்டுத்தான் இறங்கச் சொல்லியிருக்கிறார்.

அழுகை வந்தது. அழுதால் நடக்க முடியாது, வீடு இன்னும் தூரம்.

"நல்லாத் தூக்கிப் பிடிங்க" என்றேன்.