காரில் கேட்ட விசைப்படகு

காசிமேட்டில் சிவந்தி ஓட்டிய வெள்ளைக் காரில், அவள் கணவன் உதயா கடலில் ஓட்டிக்கொண்டிருந்த விசைப்படகின் என்ஜின் சத்தம் கேட்டது. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போன வாரத்திலேயே இது தொடங்கிவிட்டது. குடும்பம் மட்டும் உட்காரக்கூடிய சின்னக் கார் அது. தெருவுக்குள் நுழைந்தால் பூனைகள் மீன் வந்துவிட்டது என்று எழுந்து பின்னால் நடந்தன. வண்ணாரப்பேட்டையில் துணி எடுக்கப் போனபோது கடைக்காரர் வெளியே வந்து ஜெனரேட்டரை நிறுத்தச் சொன்னார். உதயாவின் அக்கா கன்னியம்மா மீன் விற்கிறவள், ஆனால் படகில் ஏறியதில்லை. கூடையோடு பின் சீட்டில் உட்கார்ந்த அவளுக்குக் குமட்டியது. "இன்னாடி இது, ரோட்ல போவுதா கடல்ல போவுதா?" என்று கேட்டாள். உதயா கரையில் இருந்த நாட்களில் கார் ஒழுங்காக ஓடியது. அவன் பானெட்டைத் திறந்து பார்த்து மூடினான். "நான் ஓட்னா நல்லாத்தான் கீது. உனக்குத்தான் ஓட்டத் தெர்ல" என்று சொல்லிவிட்டுக் கடலுக்குப் போனான். சத்தம் திரும்ப வந்தது.

தண்டையார்பேட்டையில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த சௌக்கத் அலி ஒவ்வொன்றாகப் பார்த்தார். பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஓடவிட்டார். சத்தம் குறையவில்லை, எனவே காரணம் பெல்ட் இல்லை. ஆயில் சரியாக இருந்தது. என்ஜினைத் தாங்கும் ரப்பர்களை மாற்றினார். கார் ஆடுவது நின்றது, சத்தம் நிற்கவில்லை. சைலன்சர்தான் என்று உறுதியாகச் சொல்லி அதையும் மாற்றினார். அதுவும் இல்லை. கடைசியில் நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை என்ஜின் மேல் வைத்து, கைப்பிடியில் காதை வைத்துக் கேட்டார். "தங்கச்சி, உள்ள யாரோ டீக்கு சக்கர பத்தலன்னு கத்திக்கினு கீறாங்க" என்றார். சிவந்தி வாங்கிக் கேட்டாள். உதயாதான். வீட்டிலும் அவன் அப்படித்தான் கத்துவான்.

காரணம் விரைவில் தெரிந்தது. தடைக்காலத்தில் படகு ஓட்டுகிறவர்களால் சும்மா இருக்க முடியாது. உதயா படகு என்ஜினைப் பிரித்துப் போட்டிருந்தபோது, கை ஓயாமல் கார் என்ஜினையும் பிரித்து, இரண்டின் போல்ட்டுகளையும் ஒரே தட்டில் டீசலில் ஊறப்போட்டிருந்தான். பூட்டும்போது சில மாறிவிட்டன. காரில் இருந்த சில போல்ட்டுகளில் படகின் பச்சைப் பெயிண்ட் ஒட்டியிருந்தது. சௌக்கத் அலி அவற்றை மாற்றித் தருவதாகச் சொன்னார். "வேணாம் பாய். அவரு கீற எடத்துல போன் எடுக்காது. இத்தயாச்சும் கேட்டுக்கினு இருக்கேன்" என்றாள் சிவந்தி. ஒலி காற்றில் போவதைவிட நீரிலும், நீரைவிட இரும்பிலும் வேகமாகப் போகும். அதனால் மட்டும் இது நடக்காது. அன்றிலிருந்து மாலையில் அவள் காரை ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரம் ஓடவிட்டாள். உதயாவோடு படகில் போனவர்களின் மனைவிகளும் வந்து ஸ்க்ரூ டிரைவரை முறை வைத்துக் கேட்டார்கள். குழந்தைக்குக் காய்ச்சல் விட்டதை ஒருத்தி என்ஜினுக்குள் கத்திச் சொன்னாள். அந்தப் பக்கம் கேட்கவில்லை.

ஐப்பசியில் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினார்கள். மற்ற படகுகள் திரும்பின, உதயாவின் படகு வரவில்லை. மறுநாள் காலையில் சிவந்தி சாவியைத் திருப்பியதும் என்ஜினுக்குள் கீச்சென்று ஒரு சத்தம் வந்தது. நேராக ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டினாள். "வாட்டர் பம்ப் பேரிங் போவுது. இப்டியே ஓட்னா என்ஜின் சூடாயி புட்சிக்கும்" என்றார் சௌக்கத் அலி. ஆனால் காரின் பம்ப்பைத் திறந்து பார்த்தபோது அது புதிதுபோல இருந்தது. சிவந்தி ஸ்க்ரூ டிரைவரில் கேட்டாள். படகுக்குள் ஏறிய தண்ணீரை இறைத்துக் கொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. யாரும் யாரையும் திட்டவில்லை.

"பம்ப்ப மாத்து பாய்."

"நல்லா கீறதயா?"

"கெட்டது கடல்ல கீது. நம்ம கைக்கு எட்றது இதான்."

அவர் மாற்றினார். கீச்சுச் சத்தம் நின்றது. ஆக்ஸிலேட்டரை மிதித்தபோது படகின் சத்தம் உயர்ந்தது, காலை எடுத்தபோது இறங்கியது. காரை ஜாக்கியில் தூக்கி நிறுத்தினார்கள். கேனில் பெட்ரோல் வந்தது. சேதி கேட்டு ஒர்க்‌ஷாப்புக்கு வந்த பெண்கள் முறை வைத்து உட்கார்ந்து மிதித்தார்கள். ஸ்டியரிங்கை மட்டும் யாரும் தொடக்கூடாது என்று சௌக்கத் அலி சொல்லிவிட்டார். மத்தியானம் கன்னியம்மாவின் முறை வந்தது. கார் ஓட்டத் தெரியாத அவள் கண்ணை மூடிக்கொண்டு முழுதாக மிதித்தாள். வெளிச்சம் இருக்கும்போதே என்ஜின் தானாகத் தணிந்து நின்றது. அவர்கள் துறைமுகத்துக்கு ஓடினார்கள். படகைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

உதயா இறங்கியதும் சிவந்தி அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள், வெகுநேரம் விடவில்லை. அவன் அவள் தலைக்கு மேலாகப் பார்த்து, "மத்தியானம் எவ அப்டி மெறிச்சது? அலை மேல தவ்விக்கினு வந்தோம்" என்று கேட்டான். கன்னியம்மா ஐஸ் வாங்கப் போய்விட்டாள். மறுநாள் படகின் பம்ப்பைப் பிரித்துப் பார்த்தார்கள், ஒரு குறையும் இல்லை. சௌக்கத் அலி காரிலிருந்து கழற்றி மேசையில் வைத்திருந்த நல்ல பம்ப்பில் பேரிங் நொறுங்கியிருந்தது. அடுத்த தடைக்காலத்தில் காசிமேட்டில் பலர் பைக், ஆட்டோ போல்ட்டுகளைப் படகு போல்ட்டுகளோடு ஊறப்போட்டார்கள். சிலருக்குப் பலித்தது, சிலருக்குப் புகை வந்தது.

திருவொற்றியூரில் ஒருமுறை சிவந்தியின் காரைப் போக்குவரத்துக் காவலர் நிறுத்தினார்.

"இன்னாமா சத்தம் இது?"

"வூட்டுக்காரரு கடல்ல கீறாரு சார்."

அவர் குனிந்து பானெட்டில் காதை வைத்தார். "எதுவரைக்கும் வந்துகீறாங்க?"

"ஐஸ் பொட்டி இழுக்கற சத்தம் கேக்குது பாருங்க. காட்டுப்பள்ளி தாண்டிருப்பாங்க. விடிகாலைல ஏலத்துக்கு வந்துடும்."

"வஞ்சிரம் இருந்தா ரெண்டு எடுத்து வையி, காசு குட்த்து வாங்கிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, பின்னால் நின்ற கன்டெய்னர் லாரியைக் கையால் தடுத்து, காருக்கு வழிவிட்டார்.