ஆறு மணிக் கட்டம்

சாவு வீட்டுக்கான வெள்ளைக்கொடி கட்டியிருந்த மின்கம்பத்தடியிலேயே யசோதினி முச்சக்கரவண்டியை நிறுத்தச் சொன்னாள். வீட்டு வாசல் வரைக்கும் போகலாம் மிஸ் என்றான் சாரதி. வேண்டாமென்று இறங்கிவிட்டாள். கொழும்பிலிருந்து நாலு மணி நேரம் பஸ்ஸில் வந்தவளுக்கு, அந்தக் கொஞ்சத் தூரத்தையாவது நடந்து போக வேண்டும்போல் இருந்தது.

மத்தியானம் பரீட்சை மண்டபத்துக்கு வெளியே வந்து வீட்டுக்குப் போனைப் போட்டதும் அண்ணன் ஸ்ரீதரன்தான் எடுத்தான். "அப்பாவுக்குக் கொஞ்சம் கடுமையா இருக்கு, வா" என்றான். பதினாலு வருஷமாக வார்டிலிருந்து அவள் நோயாளிகளின் வீட்டாருக்குச் சொல்லிவரும் அதே பேச்சு. எப்போது அப்படிச் சொல்வார்கள் என்று அவளுக்கா தெரியாது? பஸ் கடுகண்ணாவை மலையேற்றத்துக்கு வருவதற்குள் அழுது முடித்திருந்தாள்.

பக்கத்துக் கடை பஹீம், வந்தவர்கள் உட்காரக் கதிரைகளை இறக்கிக்கொண்டிருந்தார். "உள்ளுக்குப் போங்க மிஸ். அம்மா இன்னும் ஒரு வாய் தண்ணி குடிக்கல்ல" என்றார்.

அவளைக் கண்டதும் பெண்கள் ஒப்பாரியை உயர்த்தினார்கள். பெட்டிக்குள் அப்பா ராஜலிங்கம், போன தீபாவளிக்கு எடுத்த சட்டையில் இருந்தார். தலைமாட்டில் அம்மா மூக்காயி. அவள் மட்டும் அழவில்லை. மகளை நிமிர்ந்து பார்த்தாள்.

"பரீட்ச எழுதிட்டியா?"

"எழுதிட்டேம்மா."

"எல்லாத்தையும்?"

"எல்லாத்தையும்."

அதற்குப் பிறகுதான் அம்மாவுக்கு அழுகை வந்தது. அப்படியொரு அழுகையை யசோதினி கேட்டதில்லை. இந்த நேரத்தில் பரீட்சையைப் பற்றிக் கேட்கிறாளே என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

முணுமுணுத்தவர்களுக்கு அந்தப் பரீட்சையின் கதை தெரியாது. டிப்ளோமாவோடு வேலைக்குச் சேர்ந்த தாதி அவள். வாரத்தில் ஆறு நாள் வார்டு, மிச்சமுள்ள நாளில் வகுப்பு என்று நாலு வருஷம் பட்டப்படிப்புக்காக ஓடியிருக்கிறாள். போன வருஷமே முடிந்திருக்க வேண்டியது. கடைசிப் பரீட்சைக்கு முதல் நாள் அப்பாவுக்கு மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் சேர்க்க, ஒரு வருஷம் போயிற்று. அப்பா அதை மறக்கவே இல்லை. வந்தவர்களிடமெல்லாம், "என்னாலதான் புள்ளையோட படிப்பு கெட்டுச்சு" என்பார். இதயம் பலவீனமாகிவிட்டது, இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று டாக்டர் சொன்னபோதுகூட, அவர் கேட்டது அடுத்த பரீட்சை எப்போது என்றுதான்.

படிப்பின் கடைசி வேலை, ஒரு நோயாளியை நாற்பது நாள் கவனித்து எழுத வேண்டும். அவள் அப்பாவையே எடுத்துக்கொண்டாள். கட்டம் போட்ட கொப்பியொன்றில், காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும். நாடி, மூச்சு, இரத்த அழுத்தம், கடைசிக் கட்டத்தில் பார்த்தவரின் கையெழுத்து. நோயாளியின் பெயரை எழுதக்கூடாது என்பதால் 'திரு. ரா.' என்று போட்டிருந்தாள். "முழுப் பேரையும் எழுதுனா பேனை தேஞ்சா போயிரும்?" என்று அப்பா கேலி செய்வார்.

நாற்பதாவது நாள் இன்றைக்கு.

"கொப்பி இருந்ததுனால நல்லதாப் போச்சு" என்று ஸ்ரீதரன் பக்கத்தில் வந்தான். கையில் அவளுடைய கொப்பி. "ஐயரு திதி குறிக்க உசுரு போன நேரத்தக் கேட்டாரு. காலையில அஞ்சரைக்குத்தான் ஏகாதசி பொறந்துச்சாம். அம்மா ஏழு மணிக்கு டீயோட போய்ப் பாத்திருக்கு. நீ ஆறு மணிக்கு நாடி எழுபத்தெட்டுன்னு எழுதியிருக்க. அப்ப ஏகாதசியேதான். அந்தப் பாக்கியம் எல்லாருக்கும் கெடைக்குமா?"

"அம்மா போன் பண்ணுனதும் வந்துட்டியாண்ணே?"

"நாவலப்பிட்டியிலேருந்து வர ஒம்பது ஆயிருச்சு. அப்பவே கைய மடக்க முடியல. சேத்துக் கட்டுறதுக்குப் பெரும்பாடு."

யசோதினி பெட்டிக்குள் அப்பாவின் கைகளைப் பார்த்தாள். ஏழு மணிக்குப் போன உயிர் என்றால் ஒன்பது மணிக்குக் கை அவ்வளவு விறைத்திருக்காது. விறைப்பு தாடையோடு நின்றிருக்கும். எத்தனை உடல்களை அவள் கழுவித் துடைத்து அனுப்பியிருக்கிறாள். பின்னோக்கி எண்ணினாள். நாலு, நாலரை. அந்த நேரத்தில் அவள் அடுத்த அறையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள்.

ஆறு மணிக் கட்டத்தை அவள் நிரப்பியது ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது. கொழும்பு பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். கூடத்தில் விளக்கில்லை. அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார், கழுத்துவரை கம்பளி. அம்மா கட்டிலோரம் இருந்து, "எழுப்பாத புள்ள, இப்பத்தான் கண்ணசந்தாரு" என்றாள். நேற்று எழுபத்தாறு, முந்தாநாள் எழுபத்தெட்டு. பார்க்காமலேயே எழுபத்தெட்டு என்று எழுதி, கையெழுத்தும் போட்டுவிட்டுப் போனாள். நேரத்துக்கு முன்னால் கட்டத்தை நிரப்பிய சின்னத் தாதி மிஸ்மாரை வார்டில் எத்தனை தடவை ஏசியிருப்பாள். செத்துப்போன அப்பாவுக்கு நாடி எழுதியிருக்கிறேன் என்று நினைத்தபோது அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது.

அம்மாவைக் கைத்தாங்கலாகக் குசினிக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"அம்மா, நான் காலையில அப்பாவத் தொட்டே பாக்கல. பாக்காமத்தான் எழுதுனேன்."

"தெரியும்."

"அப்பவே அவரு..."

"நாலு மணி இருக்கும்" என்றாள் அம்மா. "தண்ணி கேட்டாரு. ரெண்டு மடக்குத்தான் குடிச்சாரு. புள்ள எந்திரிச்சிருச்சான்னு கேட்டாரு. படிக்குதுன்னேன். சரின்னாரு. கம்பளிய இழுத்துவிட்டுட்டுத் திரும்பிப் பாத்தா மூச்சில்ல."

"என்னயக் கூப்பிட்டிருக்கலாமேம்மா. அடுத்த ரூம்லதானே இருந்தேன்."

"கூப்பிட்டிருந்தா நீ போயிருப்பியா?"

அம்மா மேசையில் கையூன்றிக்கொண்டாள்.

"போன மாசமே என் கையப் புடிச்சு சத்தியம் வாங்கிட்டாரு. பரீட்ச அன்னைக்கு நான் செத்தாலும் புள்ளைய மறிக்காதேன்னு. நோவுல என்னமோ சொல்றாருன்னுதான் நெனச்சேன்."

"நான் போனதுக்கப்புறம் ஏழு மணி வரைக்கும் தனியாவா இருந்தீங்க?"

"தனியா என்ன. அவருதான் இருந்தாரே."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வெளியே யாரோ ஏகாதசியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப தசமிதானேம்மா" என்றாள் யசோதினி.

"அதத்தான் விடிஞ்சதுலேருந்து நெனச்சிக்கிட்டிருக்கேன். வருஷா வருஷம் நாம ஏகாதசிக்குப் படைப்போம். அவரு முதல் நாளே வந்து பசியோட நிப்பாரு." அம்மா நிறுத்தினாள். "ஆனா சொன்னா உன்னயத்தான் பேசுவாங்க. அப்பன் பொணமாக் கெடக்கப் பரீட்சைக்குப் போனவளுன்னு. உங்க அண்ணனும் என் மூஞ்சியில முழிக்க மாட்டான். நீ ஒண்ணும் பேசாத."

யசோதினி அடுப்பின் பக்கம் திரும்பினாள். காலையில் போட்ட டீ ஆடை படிந்து அங்கேயே இருந்தது. பிறகு கதவைத் திறந்தாள்.

"அண்ணே, அந்தக் கொப்பியக் குடு."

நோயாளியின் குறிப்பில் பிழை வந்தால் அழிக்கக்கூடாது. எழுதியது தெரியும்படி குறுக்கே ஒரே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். குசினி மேசையில் கொப்பியை விரித்து, ஆறு மணி வரிசையில் எழுபத்தெட்டின் குறுக்கே கோடு போட்டாள். கையெழுத்து வைத்தாள். அடுத்த வரியில் நாலு மணி என்று எழுதினாள். நாடிக் கட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை.

"என்ன பண்ற?" என்றான் ஸ்ரீதரன்.

"நான் ஆறு மணிக்குப் பாக்கலண்ணே. பொய்யா எழுதுனேன். அப்பா நாலு மணிக்கே போயிட்டாரு. ஐயருக்குப் போன் பண்ணித் தசமின்னு சொல்லு."

ஸ்ரீதரன் கொப்பியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "நாலு மணின்னு யாரு பாத்தது?"

யசோதினி வாயைத் திறப்பதற்குள் அம்மா முன்னால் வந்தாள்.

"நான்தான்."

அவன் அம்மாவின் பக்கம் திரும்பினான். பிறகு போனை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனான்.

"பாத்தவங்கதான் கையெழுத்துப் போடணுமா?" என்றாள் அம்மா.

"ஆமாம்மா."

அம்மா பேனையை வாங்கிக்கொண்டாள். மேலேயிருந்து கீழே வரைக்கும் மகளின் சின்னக் கையெழுத்துகள் இருந்த வரிசையில், நாலு மணிக்கு நேரே, ஒவ்வொரு எழுத்தாக எழுதத் தொடங்கினாள். மூக்காயி என்ற பெயர் அந்தக் கட்டத்துக்குள் அடங்காமல் ஓரத்துக்குப் போனது. யசோதினி கொப்பி நகராமல் பிடித்துக்கொண்டாள்.