ஓடாத சைக்கிளின் தரிப்பிடங்கள்

பருத்தித்துறைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் பஸ் ஓட்டும் கேதீஸ்வரனுக்கு நாள் முழுக்கச் சீற்றில் இருந்து பழகிய உடம்பு. சீனி வருத்தம் என்று டொக்டர் சொன்னபோது அவர் மறுக்கவில்லை. தினம் சைக்கிள் ஓடச் சொன்னபோதுதான் யோசித்தார். பஸ் டிரைவர் சைக்கிளில் போனால் பஸ் பழுதோ என்று ஊர் கேட்கும்.

வழி காட்டியவன் மனைவியின் தம்பி சுபாஸ். நோர்வேயிலிருந்து வந்தவன் ஒரு இரும்புத் தாங்கியைக் கொடுத்துவிட்டுப் போனான். பின்சில்லை அதில் பூட்டினால் வீட்டுக்குள்ளேயே மிதிக்கலாம், சில்லு சுற்றும், சைக்கிள் நகராது.

"அங்கை பனிக்காலத்திலை எல்லாரும் இப்பிடித்தான், அத்தான்" என்றான். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

மனைவி மீனாம்பிகையின் சைக்கிள் தாங்கியில் ஏறியது. அவள் மீன் வாங்க நடந்து போகத் தொடங்கினாள்.

ஒரு கிழமைக்குள் கேதீஸ்வரனுக்கு நோவு கண்டது. டொக்டரிடம்கூடக் கைகாட்டிச் சொல்ல முடியாத இடத்தில் நோவு. பஸ்ஸில் ஒரு பக்கமாகச் சரிந்திருந்து ஓட்டினார்.

"என்னண்ணை, ஏதும் சீழ்க்கட்டோ?" என்று கொண்டக்டர் செந்தூரன் கேட்டான்.

"நாரி பிடிச்சிட்டுது, இடுப்பு நிமிர்த்தேலாமல் கிடக்கு."

வீட்டுக்கு வந்து சீற்றின் மேல் தலையணை கட்டினார். அது அமுங்கி, உரசி, நோவைக் கூட்டியது. இன்னொன்றைக் கட்டினார். இப்போது கால் பெடலுக்கு எட்டாமல் இடுப்பு இரண்டு பக்கமும் ஆடியது.

மீனாம்பிகை வாசலில் நின்று பார்த்தாள். "உந்தச் சைக்கிளிலை நான் எத்தினை வருஷம் ஓடினன். எனக்கு ஒண்டும் நோகேல்லையே."

"அப்ப எனக்கு மட்டும் ஏன்?"

"றோட்டிலை பள்ளம் வந்தா எழும்புவன், நாய் கலைச்சா எழும்புவன். உங்களுக்குப் பள்ளமும் இல்லை, நாயும் இல்லை. ஏறினா ஏறினபடி கல்லுப்பிள்ளையார் மாதிரி இருக்கிறியள்."

"அதுக்கு நான் நாய் வளர்க்கிறதோ?"

அவள் தலையணைகளை அவிழ்த்தாள். இடுப்பு ஆடாத அளவுக்குச் சீற்றைப் பதித்து, மேலே பார்த்த அதன் மூக்கை மட்டப்படுத்தினாள். உடுத்தியிருந்த சாரம் கீழே சுருண்டு உரசியதால், அதை மாற்றச் சொல்லி மகனின் காற்சட்டையைக் கொடுத்தாள். எல்லாம் சரி, எழும்பத்தான் அவருக்கு நினைவு வராது. ரீவியில் செய்தி ஓடினால் உலகம் மறந்துவிடும்.

அடுத்த நாள் குசினிக்குள் வெங்காயம் உரித்தபடி அவள் பஸ் கொண்டக்டர் மாதிரிக் குரல் கொடுத்தாள்: "மந்திகை இறக்கம்."

கேதீஸ்வரன் தன்னையறியாமல் பெடலில் எழுந்து நின்றார். இரத்தம் ஓடியது போலச் சுகமாக இருந்தது.

"நெல்லியடி."

மறுபடி எழுந்தார். றோட்டில் சனம் கையைக் காட்டினாலும் பாதி நேரம் காணாத மாதிரிப் போகிற மனிதர், இப்போது தரிப்பிடம் எப்போது வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

பிறகு சத்தமே இல்லை. நோவு மெல்லத் தலை தூக்கியது.

"என்ன, கூப்பிடுறீரில்லை?"

"வல்லைவெளி. வீடு வாசலில்லாத வெறும் வெளி, அங்கை ஆர் இறங்கிறது?"

"ஆரும் ஒராள் இறங்கட்டுமன்."

"முந்தநாள் வெளிக்குள்ளை ஒரு மனிசி பிள்ளையோடை நிண்டு கையைக் காட்ட, நீங்கள் நிப்பாட்டேல்லையாம். செந்தூரன் சொன்னவன்."

அவள் அடுத்த தரிப்பிடமான ஆவரங்காலைக் கூப்பிடும்வரை அவர் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தார்.

மாதம் முடிய நோவு போய்விட்டது. சீனியும் இறங்கியிருந்தது. ஆடி அமாவாசைக்கு மீனாம்பிகை தமக்கையோடு கீரிமலைக்குப் போனாள். பின்னேரம் அவள் ஃபோன் எடுத்தபோது, சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்த அவருக்கு மூச்சு வாங்கியது.

"எங்கை நிக்கிறியள்?"

"வல்லைவெளியிலை."

"அங்கை பஸ் ஹோல்ட் இல்லையே."

"இண்டைக்கு நிப்பாட்டினனான்."

"ஆர் இறங்கினது?"

"இன்னும் ஒருத்தரும் இறங்கேல்லை. ஆனா நான் எழும்பி நிக்கிறன்."