ஒரு செராய்த் தண்டு

கிள்ளானில் எங்கள் வீட்டு வாசலில் இன்று இரண்டு கரியடுப்புகள் எரிகின்றன. ஒன்றில் கோழி சாத்தே, குச்சியில் குத்தி வாட்டும் கறி. மற்றதில் தவ்ஃபூ என்னும் சோயாக்கட்டியும் காளானும் குத்திய குச்சிகள். அவை என் தம்பி கொர்னேலியஸின் மனைவி லோகேஸ்வரிக்கு. அவள் கறி தொடமாட்டாள்.

அடுத்த வாரம் இரண்டு பேரும் ஜொகூருக்குக் குடிபோகிறார்கள். அதற்குள் நான் அவளிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எட்டு வருடமாகச் சொல்லாமல் வைத்திருக்கிறேன். டோரிஸ் என்ற எனக்கு வாய் நீளம் என்று சர்ச்சில் எல்லோருக்கும் தெரியும். இந்த ஒன்றில் மட்டும் அந்த வாய் திறக்கவேயில்லை.

அவர்கள் பதிவுத் திருமணம் செய்துகொண்ட மறு ஞாயிறு, இதே வாசலில்தான் விருந்து. ஜெஞ்சாரோம் ஊர் இந்துப் பெண், ஞானஸ்நானம் வாங்கமாட்டேன் என்று சொல்லிவிட்டவள். எனக்கு அவள்மேல் கோபம். என் வீட்டில் நான் சமைப்பதுதான் சாப்பாடு என்று வீம்புக்கு மாட்டிறைச்சி சாத்தேயும் சேர்த்தே போட்டேன். அவளுக்குக் கோழி தனியாக இருந்தது, அதில் குறை வைக்கவில்லை. ஆனால் சாத்தே வாட்டும்போது எண்ணெய் தடவ வேண்டும் அல்லவா? செராயின், அதாவது எலுமிச்சைப்புல்லின், அடித்தண்டை நசுக்கினால் தூரிகைபோல் விரியும், அதைத் தேங்காய்ப்பாலும் எண்ணெயும் கலந்த கிண்ணத்தில் தோய்த்துத் தடவுவோம். அன்று நான் நசுக்கியது ஒரே ஒரு தண்டு. மாட்டின்மேல் தடவினேன், அதே தண்டைக் கிண்ணத்தில் தோய்த்துக் கோழியின்மேலும் தடவினேன். வேண்டுமென்று செய்யவில்லை. நடுவில் ஒருமுறை நினைவு வந்தது, அப்போதும் மாற்றவில்லை.

தட்டை நீட்டியபோது அவள் மெதுவாகக் கேட்டாள், ரெண்டுக்கும் ஒரே செராயா அக்கா என்று. சுற்றி என் தங்கை பெர்னிஸ், சர்ச் ஆட்கள், அவளுடைய அப்பா அம்மா எல்லோரும் இருந்தார்கள். "சீச்சீ, வேற வேற லா" என்றேன். அவள் ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டு ஒரு குச்சியை எடுத்துத் தின்றாள். ஒன்றே ஒன்று.

அதற்குப் பிறகு அவள் சைவமாகிவிட்டாள். ஏதோ வேண்டுதல் என்று கொர்னேலியஸ் சொன்னான். எனக்கு அது திமிராகப் பட்டது. அவள் வரும்போதெல்லாம் "சாமியாரம்மா வந்தாச்சா?" என்பேன். எல்லோரும் சிரிப்பார்கள், அவளும் சிரிப்பாள். கிறிஸ்துமஸுக்கு வந்தால் கேக்கைக்கூட முட்டை என்று ஒதுக்கிவிட்டு, வெள்ளரிக்காயைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

இன்று காலை ஐந்து மணிக்கே எழுந்துவிட்டேன். வேர்க்கடலையை வறுத்துத் தோல் நீக்கி, ஒன்றும் பாதியுமாக இடித்தேன். மிளகாய் விழுதை எண்ணெய் பிரியும்வரை வதக்கிப் புளியும் குலா மலாக்கா வெல்லமும் சேர்த்தேன். அவளுக்கு என்று புதுக் கிண்ணம், புது அடுப்பு, பாசாரில் வாங்கிய தனிச் செராய். கோழிக்கு வேறு ஆள் போட்டேன், பெர்னிஸை. தவ்ஃபூ பக்கம் என்னைத் தவிர யாரும் வரக்கூடாது என்றும் சொல்லிவிட்டேன்.

லோகேஸ்வரி வெளியே வந்து என் பக்கத்தில் நின்றாள். பெர்னிஸ் வெங்காயம் எடுக்க உள்ளே போயிருந்தாள். லோகேஸ்வரி இரண்டு அடுப்பையும் பார்த்தாள், என் கையில் இருந்த தண்டையும் பார்த்தாள். "வேற வேறயா அக்கா?" என்றாள்.

"இன்னிக்கு வேற வேற" என்றேன். "அன்னிக்கு ஒண்ணுதான் லோகா. நான் பொய் சொன்னேன்."

அவள் அதிர்ச்சி அடையவில்லை. "தெரியும் அக்கா. அன்னிக்கு ஜன்னல் பக்கம் நின்னு வெள்ளரிக்கா வெட்டிக்கிட்டு இருந்தேன். நீங்க தடவுனத பார்த்தேன்."

தடவிக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. பார்த்துவிட்டு ஏன் கேட்டாய் என்றேன். நான் ஆமாம் என்று சொல்லியிருந்தால் பரவாயில்லை என்று சொல்லி வெறும் சோறு சாப்பிட்டுப் போயிருப்பாளாம். அதற்குத்தான் கேட்டாளாம்.

"தெரிஞ்சும் ஏன் தின்னே?"

"எல்லார் முன்னாடியும் இல்லேன்னு சொல்லிட்டீங்க. நான் எடுக்கலேன்னா நீங்க பொய் சொன்னது எல்லாருக்கும் தெரிஞ்சிரும். மொத நாளே உங்கள தலகுனிய வைக்க மனசு வரல" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "மாடு நாங்க தொடமாட்டோம் அக்கா. அது பட்ட நாக்குக்கு இனிமே எந்தக் கறியும் வேண்டாம்னு கோயில்ல சொல்லிட்டு வந்தேன்" என்றாள்.

கொர்னேலியஸிடம் சொல்லவில்லையா என்று கேட்டேன். உங்கள் தம்பிக்கு நீங்கள்தான் அம்மா மாதிரி, எப்படிச் சொல்வது என்றாள். மன்னித்துவிடு என்று சொன்னேன். அவள் என் கையிலிருந்த தண்டை வாங்கி, கருகத் தொடங்கியிருந்த தவ்ஃபூவின்மேல் எண்ணெய் தடவினாள்.

எட்டு வருடம். நான் சிரிக்கச் சிரிக்கக் கேலி செய்தது என் பொய்யால் அவள் காத்துவந்த நோன்பை. வெட்கத்தில் என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அப்போது கொர்னேலியஸ் தட்டோடு வெளியே வந்தான். "என்னக்கா, நம்ம சாமியாரம்மாவுக்கு ரெடியா?" என்றான்.

அது என்னிடம் அவன் கற்றுக்கொண்ட வார்த்தை. லோகேஸ்வரி எப்போதும்போல் சிரித்தாள்.